ஓரக்கண் டெல்மர்

என் கணவன் டெல்மர் ஸ்கார் பேசும்போது ஆளின் முகத்தைப் பார்க்கமாட்டான். கல்யாணத்துக்கு முன்பே எனக்கு இது தெரியும். மில்லாக்ஸ் ஏரியில், உறைந்த பனிமேல், இரண்டு பக்கெட்டுகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தோம். மீன் பிடிக்க நடுவில் வெட்டியிருந்த துளையைப் பார்த்துக்கொண்டே, "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்றான். என்னிடம் கேட்கிறானா, கீழே இருக்கும் மீனிடம் கேட்கிறானா என்று எனக்குச் சந்தேகம். யாராவது பதில் சொல்லித்தானே ஆகவேண்டும், நான் சொல்லிவைத்தேன்.

அன்றிலிருந்து எங்கள் குளிர்காலமெல்லாம் ஏரிமேல்தான். முதலில் துணிக் கூடாரம், பிறகு அவனே பலகை அடித்துக் கட்டிய பெட்டி, கடைசியில் சக்கரம் வைத்த நல்ல மீன்வீடு. உள்ளே அடுப்பு, படுக்க இரண்டு பெஞ்சு, தரையில் ஆறு துளை. மூடியைத் திறந்தால் கீழே ஏரி. என் தோழிகளின் கணவன்மார் விடுமுறைக்குக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள். எனக்கு வாய்த்தவன் பனிக்கட்டிக்குக் கூட்டிப்போனான். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, எனக்கும் அதுதான் பிடித்திருந்தது.

டெல்மருக்கு வேலை, மாவட்டச் சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டுவது. விடியாத இருட்டில், எதிரே கை நீட்டினால் தெரியாத பனிப்புயலில் ஓட்டுவான். அத்தனை வருடத்தில் ஒரு மானைக்கூட இடித்ததில்லை. மற்ற ஓட்டுநர்களின் லாரி முகப்பெல்லாம் நசுங்கிப் பட்டறைக்குப் போகும்போது இவன் வண்டி மட்டும் பளபளவென்று நிற்கும். எப்படி என்று கேட்டால், "மான் நேரா வராது, ஓரத்துலதான் வரும்" என்பான். அதற்குமேல் விளக்கம் கேட்டால் காபியைக் குடிக்க ஆரம்பித்துவிடுவான்.

அந்தக் கண்ணுக்குத்தான் வந்தது வினை. முதலில் சாலையின் நடுக்கோடு வளைந்து தெரிவதாகச் சொன்னான். பிறகு எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு சாம்பல் மேகம். சுற்றிலும் தெரிகிறது, பார்க்கிற இடம் மட்டும் இல்லை. நடுப்பார்வை போய்விட்டது, ஓரப்பார்வை நிற்கும் என்றார் டாக்டர். கண் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் பயிற்சி கொடுத்தாள். காபிக் கோப்பையைப் பார்க்கவேண்டுமென்றால் அதற்குப் பக்கத்தில் இருக்கும் சர்க்கரை டப்பாவைப் பாருங்கள், கோப்பை தானாகத் தெரியும் என்றாள். டெல்மருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒன்றைப் பார்த்துக்கொண்டு இன்னொன்றைப் பார்ப்பதற்கு நான் என்ன சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிறவனா என்றான். ஒரே நாள்தான் பயிற்சி. பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை. பிடிவாதத்தில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

லாரிச் சாவியைக் கொடுத்தான், சரி. கார் ஓட்டுவதை விட்டான், அதுவும் சரி. ஆனால் மீன் பிடிப்பதை விட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. மிதவை தெரியவில்லை, துளை தெரியவில்லை, நான் எதற்கு வரவேண்டும் என்று போன குளிர்காலம் முழுக்க வீட்டிலேயே கிடந்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து ரேடியோ கேட்பான். சாப்பிட்டாயா என்றால் உம் என்பான். படுக்கிறாயா என்றால் அதற்கும் ஒரு உம். இந்த ஜனவரியில் தன் தம்பி லைலைக் கூப்பிட்டு, மீன்வீடு இனி உன்னுடையது, ஞாயிற்றுக்கிழமை வண்டியில் உன் சாமான்களைக் கொண்டுவந்து வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்கு உச்சி முதல் பாதம்வரை பற்றி எரிந்தது. அந்த வீட்டின் திரை நான் தைத்தது. அடுப்படிப் பலகையில் இருக்கும் கருகல் தடம் என் கைவேலை. ஆனால் அதுவல்ல விஷயம். மீன்வீடு போய்விட்டால் டெல்மரும் அந்த ஜன்னலோரத்தோடு போய்விடுவான், அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

எங்களிடம் தண்ணீருக்குள் விடும் கேமரா ஒன்று உண்டு. அதன் திரை உள்ளங்கை அளவு. அதைப் பார்க்க எனக்கே கண்ணாடி வேண்டும். வெள்ளிக்கிழமை கூடத்தில் துணி மடித்துக்கொண்டு இருந்தபோது எதிரே எங்கள் டிவி என் கண்ணில் பட்டது. சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் டிவி. மடித்த துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன்.

டெல்மரிடம் ஒரே பேச்சாகப் பேசிமுடித்தேன். சனிக்கிழமை ஒரு நாள் எனக்குக் கொடு. கேமராவை இந்த டிவியில் மாட்டுகிறேன். அந்தத் திரையில் ஒரே ஒரு மீனை உன் கண்ணால் பார்த்துவிட்டால் மீன்வீடு நம்முடையது. பார்க்கவில்லையென்றால் லைல் எடுத்துக்கொள்ளட்டும், நான் வாயே திறக்கமாட்டேன். நான் வாயைத் திறக்காமல் இருப்பேன் என்பதில் அவனுக்கு ஆசை வந்திருக்கவேண்டும். சரி என்றான்.

டிவியைச் சுவரிலிருந்து கழற்றி, இரண்டு போர்வையில் சுற்றி, பிக்கப் வண்டியின் பின்சீட்டில் ஏற்றி, பெல்ட்டும் போட்டேன். ஏரிமேல் போட்டிருக்கும் சாலையில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது லைல் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தான். இன்று ஃபுட்பால் முக்கியமான ஆட்டம், அதைப் பார்க்கத்தான் டிவி வருகிறது என்று அவனுக்கு நினைப்பு. மீனைப் பார்க்க என்றதும் முகம் தொங்கிப்போனது.

"மீன் பாக்கறதுக்கு டிவியா? வோனி, உனக்குக் குளிர் தலைக்கு ஏறிடுச்சு" என்றான்.

"உனக்கு ஏறவும் அங்க ஒண்ணும் இல்ல. அந்தப் பக்கம் பிடி" என்றேன்.

குளிரில் வந்த டிவியை உடனே போட்டால் உள்ளே வேர்த்துக் கெட்டுப்போகும். அடுப்பைப் பெரிதாக்கிவிட்டு அது சூடாகும்வரை காத்திருந்தோம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காட்டரிசி சூப்பை ஊற்றிக் கொடுத்தேன், மான் இறைச்சி சாசேஜை நறுக்கினேன், துளைகளில் ஆடை கட்டிய பனியை வழித்தேன், என் பக்கத்துத் துளையில் மணித் தூண்டிலைப் போட்டுவைத்தேன். மணித் தூண்டில் என்பது சுவரில் மாட்டிய சுருள்தான். மீன் இழுத்தால் கிலுகிலுவென்று அடிக்கும், நாம் வேறு வேலை பார்க்கலாம். டெல்மர் பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு, பல் பிடுங்க வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

டெல்மரின் தூண்டிலில் ஒரு குட்டிமீனைக் கோத்து இறக்கி, கோலை அவன் கைக்கு எட்டும்படி சாய்த்துவைத்தேன். கேமராவைப் பக்கத்துத் துளையில் இறக்கினேன். அதன் வயர் முனையில் மஞ்சள் உருண்டை பின். டிவியிலோ தட்டையான ஓட்டைதான். இதற்கு நடுவே மாட்ட ஒரு சின்ன மாற்றுப் பெட்டி வாங்கிவந்திருந்தேன். மஞ்சள் பின்னை இந்தப் பக்கம் செருகி, அந்தப் பக்கத்திலிருந்து டிவிக்கு இழுத்து, ஜெனரேட்டரை ஓடவிட்டு டிவியைப் போட்டேன்.

திரை முழுக்க நீலம். சிக்னல் இல்லை என்று எழுத்து.

ரிமோட்டை அமுக்கினேன். அது குளிரில் செத்துக்கிடந்தது. அதை அக்குளில் வைத்துச் சூடேற்றி மறுபடி அமுக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எல்லா வழியும் மாற்றிப் பார்த்தாயிற்று. நீலம், நீலம், நீலம். லைல் ஒவ்வொரு பின்னையும் பிடுங்கி, ஊதி, மறுபடி செருகினான். ஆட்டம் தொடங்கியிருக்கும் என்று முனகினான். வெளியே வெயில் சாய ஆரம்பித்துவிட்டது. இந்த நீலத்தையே மூவரும் பார்த்துக்கொண்டு இருந்தால் நாளைக்கு வீடு கைமாறிவிடும்.

அப்போது டெல்மர் குனிந்து பூட்ஸ் பக்கத்தில் தடவினான். எதையோ விரலால் பிடித்துத் தூக்கினான்.

"இது ஒண்ணு என் கால்ல இடிச்சிட்டே இருக்கு. எங்கயும் போகலயே இது" என்றான்.

மாற்றுப் பெட்டியின் வால். அந்தப் பெட்டிக்குத் தனியாக மின்சாரம் வேண்டும். நாங்கள் இரண்டு பேரும், நான்கு நல்ல கண்களோடு, அதைச் செருகாமல் விட்டிருக்கிறோம்.

செருகினேன். திரை ஒருமுறை சிமிட்டியது. அடுத்த நொடி சுவரில் ஏரி வந்து நின்றது.

என்னவென்று சொல்வேன். எத்தனையோ வருடம் அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கிறேன், இவ்வளவு பெரிதாக நான் பார்த்ததே இல்லை. பச்சை வெளிச்சம். மணல், கூழாங்கல், ஒரு நத்தை ஓடு. நடுவே டெல்மரின் தூண்டிலில் மாட்டிய குட்டிமீன் வாலை ஆட்டிக்கொண்டு தொங்குகிறது. கோடுபோட்ட பெர்ச் மீன் நான்கைந்து வந்து அதை மோந்து பார்த்தன. ஒவ்வொன்றும் திரையில் பூனை அளவு. ஃபுட்பாலை மறந்து லைல் பெஞ்சில் ஏறி நின்றுவிட்டான். நான் சூப் கரண்டியைத் துளைக்குள் போட்டுவிட்டேன். அது கேமராவைத் தாண்டி மணலில் போய் விழுந்ததையும் டிவியில் பார்த்தோம். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர்.

டெல்மர் சிரிக்கவில்லை. திரைக்கு நேராக முகத்தை நீட்டி உட்கார்ந்திருந்தான். இன்னும் கிட்டே போனான். மூக்கு கண்ணாடியில் இடிக்கும் தூரத்துக்குப் போனான். பிறகு பின்னால் வந்து உட்கார்ந்தான்.

"சின்ன டிவில சின்ன மேகம். பெரிய டிவில பெரிய மேகம்" என்றான்.

லைல் மெதுவாகப் பெஞ்சிலிருந்து இறங்கினான். நான் அவனை மீன்வீட்டுக்குக் கூட்டிவந்தேனா, இல்லை அவன் இழந்ததைச் சுவர் அகலத்துக்கு விரித்துக் காட்டக் கூட்டிவந்தேனா என்று என்மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. வீட்டிலேயே விட்டிருக்கலாம்.

நாளைக்கு வண்டியைக் கொண்டுவந்துவிடு என்று லைலிடம் சொன்னான். அவன் குரலில் கோபம்கூட இல்லை. பிறகு வலது பக்கம் என்னை நோக்கித் திரும்பினான். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் திரும்பினான் என்று நினைக்கிறேன்.

"வோனி, நீ உன்னால முடிஞ்சத..."

வாய் பாதியில் நின்றது.

"வருது" என்றான்.

என்ன வருகிறது என்று லைல் கேட்டான். நான் திரையைப் பார்த்தேன். பெர்ச்சுகூட இல்லை, வெறும் மணல்.

"இடது ஓரம். கீழ. பெருசு."

ஒன்றுமே இல்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பச்சை இருட்டிலிருந்து ஒரு நிழல் பிரிந்தது. நிழலுக்கு மூக்கு வந்தது, முதுகு முள் வந்தது, பளிங்குக் கோலிபோல இரண்டு கண் வந்தது. வால்ஐ என்கிற மீன், எங்கள் ஏரிக்கு எல்லாரும் தேடிவருவது. அடி ஆத்தாடி, என்ன உடம்பு. திரையின் ஓரத்தில் மெல்ல, யாரோ கூப்பிட்டதுபோல வந்து நின்றது.

"டெல், நேரா பாக்காத, அப்படியே இரு" என்றேன். அந்த ஆஸ்பத்திரிப் பெண்ணின் சர்க்கரை டப்பா எனக்கு அந்த நொடிதான் நினைவு வந்தது.

அவன் அசையவில்லை. முகம் என் பக்கம், கை மட்டும் தடவித் தூண்டிலை எடுத்தது. சாலை ஓரத்து மானைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான், எனக்குப் புரிந்துவிட்டது. தூண்டிலை ஒரு விரல் உயரம் தூக்கினான், ஒரு நடுக்கு நடுக்கினான், நிறுத்தினான். மீன் முன்னால் வந்தது. குட்டிமீனைப் பார்த்தது. யோசித்தது. லைல் மூச்சை விடவில்லை, நானும் விடவில்லை. மீன் வாயைத் திறந்ததை நான் பார்த்தேன். அவனுக்கு அது தெரிந்திருக்காது, ஆனால் அது தலையைத் திருப்பிய திருப்பல் தெரிந்திருக்கிறது. சட்டென்று சுண்டினான்.

கோல் வளைந்து துளையின் விளிம்பைத் தொட்டது. இழுத்தான், விட்டான், இழுத்தான். கேமரா சுழன்று டிவியில் உலகமே கிறுகிறுத்தது. லைல் மண்டிபோட்டு முழங்கைவரை தண்ணீரில் விட்டு, தலையைப் பிடித்து மேலே தள்ளினான். தரையில் வந்து விழுந்தது, பொன் நிறத்தில், துள்ளிக்கொண்டு. நான் கத்தினேன். பக்கத்து மீன்வீட்டிலிருந்து யாரோ கதவைத் தட்டி எல்லாரும் உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்டார்கள்.

டெல்மர் மீனைக் கையால் தடவி அளந்தான். மூக்கிலிருந்து வால்வரை இரண்டுமுறை அளந்தான். பிறகு மூடியிருந்த வாய் மெல்ல ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. எங்கள் ஊர் ஆண்களுக்கு அதுதான் சிரிப்பு.

"லைல், நாளைக்கு வண்டி வேண்டாம்" என்றான்.

"மீனத் திருடற மாதிரி பாத்துப் பிடிச்சிட்டு, பேச்சப் பாரு. இன்னைல இருந்து உன் பேரு ஓரக்கண் டெல்மர்தான்" என்றான் லைல். சொன்னபடி அன்று ராத்திரிக்குள் ஏரி முழுக்க அந்தப் பெயரைப் பரப்பியும்விட்டான்.

மறுபடி தூண்டிலை இறக்கினோம். இருட்டுகிற நேரம்தான் வால்ஐ மீனுக்குப் பசிக்கும் நேரம். டெல்மர் என்னை நோக்கித் திரும்பி உட்கார்ந்து, எங்களுக்குத் தெரிவதற்கு முன்பே ஒவ்வொன்றையும் சொன்னான். வலது மேலே ஒன்று. சின்னது, போகட்டும். இது பெர்ச். இதோ பெரியது. பேச்சென்றால் பேச்சு, இரண்டு குளிர்காலத்துப் பேச்சும் சேர்த்துவைத்து வெளியே வந்தது. இவ்வளவு நேரம் அவன் என் முகத்துக்கு நேராகப் பார்த்து நான் கண்டதே இல்லை. எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. தாடையில் சூப் ஒட்டியிருக்கிறதா என்று துடைத்துக்கொண்டேன்.

கேட்காமல் இருக்க முடியவில்லை. "என் முகம் தெரியுதா உனக்கு?" என்றேன்.

"இல்ல. உன் முகத்துலதான் மேகம் இருக்கு" என்றான். "நீ அங்க இருந்தாத்தான் மீன் தெரியுது. நகராத."

அந்த நேரம் பார்த்து என் முதுகுக்குப் பின்னால் மணித் தூண்டில் அடித்தது. கிலுகிலுவென்று, சுருள் அறுந்துபோகிற மாதிரி அடித்தது. பிரசவ வலியிலும் மணிச் சத்தத்துக்குத் திரும்புகிறவள் நான் என்று டெல்மர் எல்லாரிடமும் சொல்வான், அது பொய்யில்லை.

நான் நகரவில்லை. லைல்தான் ஓடிப்போய் இழுத்தான்.