ஏழாவது பந்து

தை மூன்றாம் நாள், பிற்பகல் மூன்றேகால் மணி, மேகமே இல்லாத வெயில்; கீரமங்கலத்துக்கு வெளியே இருந்த அந்தப் பொட்டலில் செம்புழுதியும் வியர்வையும் கலந்து உதட்டில் கரித்தன. எனக்குப் பதினோரு வயது. எதையும் எண்ணிவிடும் பழக்கம் அப்போதே இருந்ததால் (இன்றும் மாத்திரையை இரண்டு முறை எண்ணாமல் விழுங்குவதில்லை) பொங்கல் ஆட்டத்துக்கு "ஸ்கோர் நோட்டு" என்னிடம்தான்.

பந்து போட்டவர் என் அண்ணன். மதுரையில் ஒரு பஞ்சாலை, வேகமாகப் பந்து வீசுவதற்காகவே வேலை கொடுத்து அவரைத் தன் அணியில் வைத்திருந்தது. பொங்கலுக்கு வந்தவரை ஊர் விடவில்லை. "மில்லுக்குப் போடுற கை எங்களுக்குப் போடாதோ?" என்று கேலி செய்தே இறக்கிவிட்டார்கள்.

எங்கள் அம்பயர் கையில் ஆறு புளியங்கொட்டை இருக்கும். பந்துக்கு ஒன்றாகச் சட்டைப்பைக்குப் போகும். கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் அண்ணன் ஒரு விக்கெட் எடுக்க, கூட்டம் உள்ளே ஓடிவந்து அவரைத் தூக்கிக்கொள்ள, அந்தத் தள்ளுமுள்ளில் அம்பயர் ஒரு கொட்டையை மாற்ற மறந்துபோனார். ஆறாவதிலும் விக்கெட். ஓவர் முடிந்துவிட்டது, ஆனால் அவர் கையில் இன்னும் ஒரு கொட்டை. சந்தேகத்தோடு என்னைப் பார்த்துக் கத்தினார்: "தம்பி, ஆறு ஆயிருச்சா?"

என் நோட்டில் ஆறு கட்டமும் நிறைந்திருந்தது. அடுத்தடுத்து மூன்று விக்கெட் என்றால் ஊரே பேசுமே என்ற ஆசையில், "இன்னும் ஒண்ணு இருக்குங்க" என்றேன்.

அண்ணன் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு வழக்கத்தைவிட நான்கு எட்டு பின்னால் போய், ஓடிவந்து வீசினார். நடுக் குச்சி பறந்தது. எல்லோரும் குதித்தார்கள், அவர் மட்டும் வலது தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கை அதன் பிறகு காதுக்கு மேல் எழவில்லை. இரண்டு மாதம் பார்த்துவிட்டு மில் அவரை அனுப்பிவிட்டது. மறுபடி படித்து, ஒரு கல்லூரியில் "பி.டி. சார்" ஆகி, இருபத்தெட்டு வருடம் பையன்களுக்குப் பந்துவீசக் கற்றுக்கொடுத்தார். ஒருவனையும் ஒரு நாளைக்கு முப்பத்தாறு பந்துக்கு மேல் போட விடமாட்டார். "போதும்டா, தோளைக் கொஞ்சம் வீட்டுக்கும் எடுத்துட்டுப் போ" என்பார். பையன்கள் சிரிப்பார்கள். நான் எழுந்து போய்விடுவேன்.

அந்தப் பொட்டல் இப்போது கல்யாண மண்டபம். அம்பயர் நின்ற இடத்தில் ஜெனரேட்டர். கார் நிறுத்த நாற்பத்திரண்டு வெள்ளைக் கோடுகள். இந்தத் தையில் அங்கே ஒரு உறவுக்காரர் கல்யாணம். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து நின்றபோது சொல்லிவிட்டேன்: "அண்ணே, அன்னைக்கு ஆறு முடிஞ்சிருச்சு. நான்தான் பொய் சொன்னேன்."

அவர் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். "போடுறவனுக்குத் தெரியாதாடா? எனக்கும் அந்த மூணாவது வேணும்னு இருந்துச்சு. அதான் போட்டேன்."

"அப்ப ஏன் இத்தனை நாளாச் சொல்லலை?"

"நீதான் மேட்ச் பேச்சை எடுத்தாலே அங்கிட்டு எந்திரிச்சுப் போயிருவியே!"

வீடு திரும்பும் வழியெல்லாம் கூட்டிக்கொண்டே வந்தேன். அந்த ஒரு பந்துக்காக அவர் முகத்தை நேராகப் பார்க்காமல் நான் கழித்தது, ஐம்பத்தேழு பொங்கல்.