பிரிக்காத புண்ணாக்குச் சாக்கு

எங்கள் வீட்டுக்காரர் எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, ஊருக்கே தெரிந்த சங்கதிதான். நான் வெட்கப்படுவது வேறொன்றுக்கு.

எழுபதுகளில் தூத்துக்குடிக்கு வெளியே, உப்பளத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு கறவை மாடும் இருந்தன. அவருக்கு உப்பளத்தில் மேஸ்திரி வேலை. அங்கே கழித்துப் போடும் உப்புச் சாக்குகளைச் சும்மா கொண்டுவந்துவிடுவார். மாட்டுக்கு வாங்கும் கடலைப் புண்ணாக்கை அதில் கொட்டி, கொட்டிலில் வெறும் தரையில் சாத்தி வைப்பார். உப்பேறிய சாக்கு கடல் காற்றுக்கே ஈரம் கசியும். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். நான் வாயைத் திறந்தால், "உப்புல போட்ட கருவாடு கெடுதா? புண்ணாக்கு மட்டும் எப்படி கெடும், ஏளா?" என்பார். உப்பளத்துக்காரரிடம் உப்பைப் பற்றி வாதாட முடியுமா? விட்டுவிட்டேன்.

அந்த ஐப்பசியில் பக்கத்து வீட்டு அக்கா, மகளின் இரண்டாம் பிரசவத்துக்காகக் கீழவைப்பாருக்குக் கிளம்பினார். புருஷன் இல்லாதவர். டீக்கடைக்குப் பால் ஊற்றித்தான் அடுப்பு எரிந்தது. அவருடைய ஒரே மாடு அப்போது நிறைசினை. கன்று போட்டால்தான் மறுபடி பால். மாட்டை எங்கள் கொட்டிலில் கட்டிவிட்டு, அதற்கென்று ஒரு சாக்கு நல்ல புண்ணாக்கும் கொண்டுவந்து இறக்கினார். "வாயில்லா ஜீவன், பாத்துக்கிடுளா" என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

காலையில் வேலைக்குப் போகுமுன் தீனி கலக்குவது வீட்டுக்காரர்தான். ஒருநாள் அவருக்குக் காய்ச்சல் அடிக்கவே நான் போனேன். எந்தச் சாக்கிலிருந்து அள்ளுவது என்று கேட்டேன். "நம்ம மாட்டுக்குப் புதுச் சாக்குல எடு. அவுக மாட்டுக்கு நம்ம பழசப் போடு" என்றார், படுத்தபடியே.

பழைய சாக்கில் கையை விட்டேன். உள்ளே கட்டி கட்டியாகப் பச்சைப் பூசணம். முக்கல் வாடை குப்பென்று ஏறியது. அட பாவி மனுஷா! அக்கா கொண்டுவந்த நல்ல தீனியை நம் மாட்டுக்குப் போட்டு, நம் வீட்டு அழுகலை அந்தச் சினை மாட்டுக்கா போட்டுக்கொண்டிருந்தாய்? காய்ச்சல்காரர் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். "காய வச்சுத் தட்டித்தாம்ளா போட்டேன், மாட்டுக்கு என்ன தெரியும்" என்றார். சாக்கை இழுத்துப்போய்க் குப்பைக்குழியில் கொட்டினேன். கோழிகூட அதைக் கிளறவில்லை.

அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. அந்த வாரமே மாடு, நாள் நிறையுமுன் செத்த கன்றை வீசிவிட்டது.

அக்கா வந்தார். மாட்டின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். பிறகு குப்பைக்குழிப் பக்கம் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து என்னிடம், "ரெண்டு மாட்டுக்கும் ஒரே தீனிதானளா போட்டிய?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "என்னக்கா இப்படிக் கேக்கிய? உங்க மாடு வேற, எங்க மாடு வேறயா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் மனுஷன். நானோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அக்கா மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனார். அதன்பின் நெடுநாள் டீக்கடைக்கு அவர் பால் போகவில்லை. கூலிக்கு உப்பு வாரப் போனார். வெயிலில் அவர் கூடை சுமந்து போவதைக் கண்டால் நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வேன்.

மறு வருஷம் சாத்தான்குளத்தில் என் தம்பிக்குக் கல்யாணம். மாட்டை விட்டுப்போக வேறு வீடு அகப்படவில்லை. எந்த முகத்தோடு கேட்பது என்று நான் தயங்கிக்கொண்டிருக்க, அக்காவே, "இங்கன கொண்டாந்து கட்டுங்களேன்" என்று கூப்பிட்டார். வீட்டுக்காரர் மாட்டோடு ஒரு சாக்குப் புண்ணாக்கையும் கொண்டுபோய் இறக்கினார். கடையில் தைத்த வாய் பிரிக்காத சாக்கு. இந்தத் தடவை நல்ல சரக்குதான்.

கல்யாணம் முடிந்து மாட்டைப் பிடித்துவர இருவரும் போனோம். மாடு மினுமினுவென்று நின்றது. அக்காவின் கொட்டிலில் பலகை மேல், சுவரில் ஒட்டாமல், மூடி போட்ட பெரிய மண்பானை ஒன்று இருந்தது. "தம்பி, கைய விட்டுப் பாருங்க" என்றார். வீட்டுக்காரர் விட்டுப் பார்த்தார். புண்ணாக்கு பொலபொலவென்று காய்ந்திருந்தது.

"எங்க மாட்டுக்கும் இதுலதான் அள்ளுதேன், உங்க மாட்டுக்கும் இதுலதான் அள்ளுனேன். உங்க சாக்கு அந்தா இருக்கு. எடுத்துட்டுப் போங்க."

மூலையில் எங்கள் சாக்கு தைத்த வாய் தைத்தபடியே நின்றது.

வீட்டுக்காரர் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு தெரு வழியே நடந்தார். நான் மாட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். வீட்டு வாசலில் நின்று, "இறக்க ஒரு கை குடுளா" என்றார். எனக்கு அந்தச் சாக்கைத் தொடவே கூசியது.