சாமியறைக்குள் இரண்டு சிவப்பு வயர்

கலஹாவில் பிறந்து, கண்டி டவுனில் வயரிங் வேலை செய்துவந்த அழகமுத்து என் நண்பன். அதிகம் பேசமாட்டான், பேசினால் ஒரே பாடம்தான். திருகு பல்ப் ஹோல்டரில் கரண்ட் வரும் சிவப்பு வயர் அடியிலிருக்கும் நடுப்பொட்டுக்குப் போகவேண்டும், கறுப்பு வயர் சுற்றியிருக்கும் பித்தளைப் புரிக்கு. மாற்றிக் கொடுத்தால் பல்பின் கழுத்தைத் தொட்டவன் கதை முடிந்தது. தபால் கந்தோரில் முத்திரை விற்கும் எனக்கே இதை நாற்பது தடவை சொல்லி உயிரை வாங்கியிருக்கிறான்.

எழுபத்தெட்டில் அம்பிட்டியவில், என் பக்கத்துக் காணியில், மங்களேஸ்வரி டீச்சர் புது வீடு கட்டினார். யாழ்ப்பாணத்துக்காரர், கணவரை இழந்து தனியாக இருந்தவர். வயரிங் அழகமுத்துவுடையது.

"சாமியறைக்குள்ளை கறுப்பு வயர் வரக்கூடாது, தம்பி."

"சரிங்க டீச்சர்" என்று இரண்டையும் சிவப்பாகவே இழுத்தான். வீட்டுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. டெஸ்டர் வைத்துப் பார்க்க வழியில்லை. எது எது என்று ஞாபகத்தில் வைத்துக்கொண்டான். மகா கெட்டிக்காரன்.

கரண்ட் வந்ததும் பிள்ளையார் படத்துக்கு முன்னால் பல்ப் இரவு பகலாக எரிந்தது. அதை அணைக்கக்கூடாது என்பது டீச்சரின் நேர்த்தி. ஒரு வெள்ளிக்கிழமை தலைமுழுகிவிட்டு, ஈரக்கையோடு அதைக் கழுத்துவரை துடைத்தார். அடித்த அடியில் சுவரில் போய் மோதினார். எழுந்தவர் அழுதார், சந்தோஷத்தில்.

"பிள்ளையார் என்ரை கையைப் பிடிச்சவர்" என்று வேலிக்கு மேலால் எனக்குச் சொன்னார். அடுத்த வெள்ளிக்கு அயலில் மூன்று பெண்கள் தலைமுழுகி, பல்பைத் தொட வருவதாக ஏற்பாடு.

எனக்கு அந்த நாற்பது தடவைப் பாடம் ஞாபகம் வந்தது. உடனே போய் அழகமுத்துவிடம் சொன்னேன். குடித்த தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

"பேசாம மாத்திட்டு வந்துரு. ஒருத்தருக்கும் தெரியாது" என்றேன், பஸ்ஸில்.

"அப்புறம் வேற வயர்ல போயி பிள்ளையாரத் தேடுவாங்க" என்றான்.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு டீச்சர் முன்னால் போய் நின்றான்.

"அது பிள்ளையார் இல்லங்க டீச்சர். நாந்தான். வயர மாத்திக் குடுத்துட்டேன்."

டீச்சர் தன் உள்ளங்கையையே பார்த்தார்.

"அப்ப அவர் என்னைத் தொடேல்லையோ?"

அழகமுத்து தலையைச் சொறிந்தான்.

"புடிச்சது நாந்தாங்க. விட்டது யாருன்னு எனக்குத் தெரியாதுங்க."

டீச்சர் சாமியறைக் கதவை அகலத் திறந்தார்.

"கறுப்பு வயரைக் கொண்டு வாரும், தம்பி."