காதுகுத்தன்று நின்ற மட்டக் குதிரை

எனக்குக் காது குத்தியபோது வயது ஐந்து. மண்ணூர்பேட்டையில் எங்கள் தெருமுனையிலிருந்து அம்மன் கோயில் வரை தாய்மாமன் சீர் வந்தது. மேளம், தாம்பூலத் தட்டு, பட்டுப்பாவாடை எல்லாவற்றுக்கும் முன்னால் மாமாவின் மட்டக் குதிரை. பெரிய ஆட்டைவிட ஒரு பிடி உயரம், அவ்வளவுதான். அதன்மேல் நான்.

மாமா பக்கத்து ஊரான பாடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். கடற்கரையில் பிள்ளைகளைச் சுமந்த அந்தக் குதிரையைக் கால் சரியில்லை என்று கழித்துவிட்டபோது இவர் வாங்கி வந்தார். பின்னங்கால் பிறவியிலேயே குச்சிபோல நேராக அமைந்துவிட்டதால் முட்டிச் சில்லு நழுவிப் பூட்டிக்கொள்கிறது என்றாராம் மாட்டு டாக்டர். மாமா விடாமல் தினமும் பாலத்து ஏற்றத்தில் அதை நடத்தினார். தொடையில் பலம் ஏறி, கால் பூட்டுவதும் நின்றுபோனது. அந்தத் தைரியத்தில்தான், "காதுகுத்துக்கு இதும்மேலதான் நீ போற" என்று எனக்கு வாக்குக் கொடுத்தார். நான் அதைத் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

கோயில் வாசலுக்கு நேராக வந்ததும் குதிரை நின்றது. வலது பின்னங்கால் பின்னுக்கு நீண்டு விறைத்துவிட்டது. மேளம் நின்றது.

"தாயே, நீதான் நிறுத்திட்டியா!" என்று அம்மா கற்பூரம் ஏற்றினாள். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கும் சேர்த்துத்தான் கும்பிடுகிறார்கள் என்று நான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

மாமா வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அப்படி ஒரு சீரை எங்கள் சாதிசனம் பார்த்ததேயில்லை என்று பேர் வாங்கியிருப்பார். அவரோ என்னை இறக்கிவிட்டு, குதிரையின் மார்பில் கைவைத்து ஓரடி பின்னுக்குத் தள்ளினார். 'டக்'கென்று ஒரு சத்தம். கால் மடங்கியது.

"இன்னா நைனா, சாமி வந்து நிக்கற குதிரையப் போய் தள்ற?" என்றாள் அத்தை. அப்பாவுக்கு அக்கா.

"சாமி இல்லக்கா. முட்டி பூட்டிகிச்சு. அதுக்கு வலிக்கும். இனிமே பாரம் ஏத்தக் கூடாது."

"அப்போ நொண்டிக் குதிரையத்தான் சீருக்கு ஓட்டிகினு வந்தியா?"

ஊர்வலமே சிரித்தது. சீரில் ஒரு வாழைப்பழம் கன்றியிருந்தாலே குறை சொல்லும் சம்பந்தி வீடு, விடுமா? "அடுத்தது மூணு காலு நாய் வரும்" என்று யாரோ சொல்ல, மறுபடியும் சிரிப்பு. அப்பா செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அதெல்லாம் எங்கே தெரிந்தது? "என்னைத் திரும்ப ஏத்து மாமா" என்று அழுதேன். அவர் ஏற்றவில்லை. ஒரு கையால் குதிரையைத் தடவிக்கொண்டு மறு கையை என்னிடம் நீட்டினார். நான் பிடிக்கவில்லை. தன் பேரைச் சொல்லித் தப்பிக்காத மாமாவைக் கோயிலுக்குள்ளேயிருந்து அந்தத் தாய் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

வழக்கப்படி மாமா மடியில் உட்காரவைத்துத்தான் நகை செய்யும் பத்தர் காது குத்தினார். வீம்புக்காகவே நான் அழவில்லை. நிமிர்ந்து பார்த்தால் மாமாவின் கண்களிலிருந்து நீர் வழிகிறது. எனக்கு வலிக்கிறதே என்று அழுகிறார் என நினைத்தேன். கோபமெல்லாம் போய்விட்டது. பாவாடை நுனியால் அவர் முகத்தைத் துடைத்து, "எனக்கு வலிக்கவேயில்ல மாமா" என்றேன்.

ஆறுதல் சொன்ன பிறகு அவர் ஏன் இன்னும் அதிகமாக அழுதார் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.