வாப்பா கேட்டு வைத்த படம்

எழுபதுகளின் தொடக்கம். திருகோணமலையில் துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. நான் எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வரப்போகிறது என்று சரித்திர டீச்சர் ஆளுக்கொரு தலைப்பைப் பிரித்துக் கொடுத்தார். ஒருத்திக்குச் சீனப் பெருஞ்சுவர், இன்னொருத்திக்கு அனுராதபுரத்துக் குளங்கள். எனக்கு வந்து விழுந்தது எகிப்தின் பழைய மன்னர்கள்.

எனக்குச் சின்ன வயதிலேயே வாய் நீளம். "டீச்சர், எங்கட ஆக்களுக்கு அந்தாள் ஆகாது" என்று வகுப்பிலேயே சொல்லிவிட்டேன். குர்ஆன் மதரஸாவில் எங்களுக்குத் தெரிந்த எகிப்து ராசா ஒரே ஒருவன்தான். பிர்அவ்ன். நானே கடவுள் என்று சொன்னவன், மூஸா நபியைத் துரத்திக்கொண்டு போய்க் கடலில் மூழ்கிச் செத்தவன். டீச்சர் எங்கள் சமயத்து ஆள் இல்லை. சிரித்துவிட்டு, "அது ஒராள் இல்லைப் பிள்ளை. அந்தப் பட்டத்தோட கனபேர் இருந்திருக்கினம். போய்த் தேடிப் பாரும்" என்றார்.

வீட்டில் சொன்னதும் உம்மா வாயில் கை வைத்தாள். "அந்தப் பாவியப் பத்தியா எழுதச் சொல்லிரிக்கி? ஒங்கட டீச்சருக்கு வேற ஆளே கிடைக்கல்லயா?"

வாப்பாதான் சமாளித்தார். "படிக்கிற புள்ள படிக்கட்டும், உடு" என்றார். என் வாப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. பெரிய கப்பல்கள் கரையோடு வந்து நிற்காது. நடுவில் நங்கூரம் போட்டு நிற்கும். தேயிலைப் பெட்டிகளைப் பாரப்படகில் ஏற்றிக்கொண்டு போய்க் கப்பலுக்குக் கொடுக்கிற கூட்டத்தில் அவரும் ஒருவர். மேலில் எப்போதும் தேயிலைத் தூள் வாசம் இருக்கும்.

தேடுவதற்கு என்ன இருந்தது அந்தக் காலத்தில்? வெளிநாட்டுப் புத்தகம் எதுவும் கடைக்கு வராது. பாண் ரொட்டிக்கே வரிசையில் நின்ற நாட்கள் அவை. நகர நூலகத்தில் ஒரே ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. வீட்டுக்குத் தரமாட்டார்கள். அங்கேயே குந்தியிருந்து, அகராதியைப் புரட்டிப் புரட்டி, ஒரு பந்தியை விளங்கிக்கொள்ள ஒரு பின்னேரம் போய்விடும். அதில்தான் முதன்முதலாக அந்தப் படத்தைக் கண்டேன். செத்து மூவாயிரம் வருடம் ஆன ஒரு ராசா. துணி சுற்றி, மருந்து பூசி வைத்த உடம்பு. முகம் அப்படியே இருக்கிறது. ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடி வந்தேன்.

"மூக்கும் இரிக்கா மகள்?" வாப்பா சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்.

"ஓம் வாப்பா. மூக்கு இரிக்கி, பல்லு இரிக்கி, தலமயிரும் கொஞ்சம் இரிக்கி."

"பாத்தியா அவன்ட அதிர்ஷ்டத்த! எனக்கு உசிரோட இரிக்கக்கயே தலமயிர் இல்ல" என்று மொட்டைத் தலையைத் தடவிக் காட்டினார். உம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாப்பா விடவில்லை. "செத்தவனுக்கு எத்தின படம் புடிச்சிரிக்கானுகள். என்னய ஒருத்தனும் இன்னும் போட்டோ புடிக்கல்ல." அது உண்மை. எங்கள் வீட்டில் போட்டோ பிடிக்கிற பழக்கமே இருக்கவில்லை.

கடலில் மூழ்கிய பிர்அவ்னின் உடம்பை அல்லாஹ் கரை சேர்த்தான், பின்னால் வருகிற சனம் பார்த்துப் பயப்படட்டும் என்று வைத்தான், என்று மதரஸாவில் சொல்லித் தந்திருந்தார்கள். நூலகத்தில் நான் பார்த்தது அவன்தானா, வேறு ராசாவா என்று எனக்குத் தெரியாது. வாப்பாவுக்கும் தெரியாது. ஆனால் அவருக்கு அந்தப் படத்தைத் தானும் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. "மிஸ்ர் நாட்டுக் கப்பல் ஒண்டு, அதான் ஒன்ட எகிப்து, தேயில ஏத்த வருதாம். அந்த நாட்டு ஆக்களிட்ட இல்லாத படமா? கேட்டு எடுத்துத் தாறன், நீ யோசிக்காத" என்றார்.

கப்பல் வந்தது. முதல் நாள் வேலை முடிந்து வாப்பா வந்த வரவைப் பார்க்க வேண்டும். கலியாண வீட்டுக்குப் போய் வந்தவர் மாதிரி முகம். "கேட்டுட்டன் மகள்! அறபும் தெரியா, இங்கிலீசும் தெரியா. கையக் காட்டி, கால ஆட்டிக் கேட்டன். ஒருத்தனுக்கு விளங்கிட்டு. நாளைக்குத் தாறானாம்."

அடுத்த நாள் வாடைக் காற்று வலுத்து அடித்தது. நான் பள்ளிக்கூடத்தால் வந்து, பசையும் கத்தரிக்கோலும் எடுத்து வைத்துக்கொண்டு வாசற்படியில் காத்திருந்தேன். பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கும் சொல்லிவிட்டார்கள். வாப்பா வரவில்லை. வாப்பாவோடு வேலை செய்கிறவர்கள் கூட்டமாக வந்தார்கள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. கப்பலில் இருந்து இறங்கிய கம்பிவடம் காற்றில் ஆடி வாப்பாவைத் தட்டிவிட்டதாம். படகுக்கும் கப்பலுக்கும் இடையில் விழுந்தவர் மேலே வரவேயில்லை.

கிண்ணியாவில் இருந்தும் உப்புவெளியில் இருந்தும் மீன்பிடிகாரர்கள் வந்து வலை போட்டுத் தேடினார்கள். சுழியோடிகள் இறங்கிப் பார்த்தார்கள். எங்கள் துறைமுகத்தின் ஆழத்தைப் பற்றிப் பூமிசாத்திரப் பாடத்தில் பெருமையாக எழுதிப் புள்ளி வாங்கியவள் நான். அந்த ஆழம் எப்படிப்பட்டது என்று அந்தக் கிழமைதான் எனக்கு விளங்கியது. அது எதையும் திருப்பித் தரவில்லை.

உடம்பு கிடைக்காவிட்டாலும், விழுந்ததைக் கண்ணால் கண்ட சாட்சிகள் இருக்கிறார்கள். அதனால் பள்ளிவாசலில் இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகையை நடத்தலாம், உம்மா இத்தா இருக்கத் தொடங்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். இத்தா என்றால் புருஷனை இழந்தவள் வெளியே போகாமல், நகை நட்டு இல்லாமல் வீட்டுக்குள் இருக்கிற காலம். உம்மா ஒரே பிடியாக மறுத்துவிட்டாள்.

"மையத்தக் கொண்டு வந்து காட்டுங்க. குளிப்பாட்டிக் கபன் துணி சுத்தி ஒரு தரம் முகத்தப் பாத்தாப் பொறகு இரிக்கன். அதுவரைக்கும் என்ர மாப்புள மௌத்தில்ல."

நாள் போகப் போக அவள் சாப்பாட்டை விட்டாள். முக்காட்டைப் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போய் நிற்பாள். நானும் பின்னால் போவேன். அலை ஏதாவது கறுப்பாய்க் கொண்டுவந்தால் இரண்டு பேரும் ஓடுவோம். கட்டையாக இருக்கும், பாசியாக இருக்கும். வாப்பா போய்விட்டார், உம்மாவும் போய்க்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. என்னால் செய்ய ஏலுமானது எதுவும் இல்லை.

ஒரு நாள் உம்மாவின் மூத்த சகோதரரான மாமா வந்து பொறுமையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என் நீள வாய் சும்மா இருக்குமா? "பிர்அவ்ன் பாவி. அவன்ட உடம்பக் கடலால எடுத்துக் குடுத்த அல்லாஹ், அஞ்சு நேரம் தொழுத வாப்பாவ ஏன் எடுத்துத் தரல்ல?" என்று கத்தினேன். மாமா பதறிப்போய், "தவ்பாச் செய் புள்ள, அல்லாஹ்ட்ட மன்னிப்புக் கேள்!" என்றார். உம்மா ஏசவில்லை. என்னை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மனதில் இருந்த கேள்வியும் அதுதான் என்று அந்தப் பார்வையில் தெரிந்தது.

காற்றினால் கப்பல் இன்னும் போகவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் மௌலவி ஒரு வெளிநாட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நரைத்த மீசை, கப்பல்காரச் சட்டை. வாப்பாவைத் தேடித்தான் பள்ளிவாசலில் விசாரித்தாராம். கடலில் விழுந்தது எங்கள் வாப்பாதான் என்று அவருக்கு அங்குதான் தெரிந்திருக்கிறது. கதிரையில் இருக்கச் சொன்னோம், இருக்கவில்லை. என்னைக் கண்டதும் கையைத் தன் நெஞ்சு உயரத்தில் பிடித்துக் காட்டினார். பிறகு எழுதுவது போல விரலை ஆட்டினார். "பிர்அவ்ன், பிர்அவ்ன்" என்றார். உடனே எனக்கு விளங்கிவிட்டது. வாப்பா அவரிடம் கேட்டது அப்படித்தான். இவ்வளவு உயரம் எனக்கொரு மகள், அவள் படிக்கிறவள், அவளுக்கு வேணும். என் வாப்பா கப்பல் தட்டில் நின்று செய்த கூத்தை அந்த மனிதர் எங்கள் வீட்டுக்குள் நின்று அப்படியே செய்து காட்டிவிட்டு, மீசை நனைய அழுதார். நானும் அழுதேன். அவ்வளவு நாளும் எனக்கு அழுகை வந்திருக்கவில்லை.

கூட வேலை செய்கிறவர்களிடம் கேட்டு வாங்கிய தபாலட்டைகளை அவர் என் கையில் வைத்தார். ஒன்றில் தங்க முகமூடி. ஒன்றில் பெரிய கற்சிலைகள். கடைசி அட்டையில், நான் நூலகத்தில் பார்த்த அதே மாதிரி, ஒரு ராசாவின் உலர்ந்த முகம்.

அவர் போன பிறகு, அந்நிய ஆண் என்று உள்ளே நின்ற உம்மா திரைக்குப் பின்னால் இருந்து வந்து என்னிடம் அட்டைகளை வாங்கினாள். தங்கத்தை அவள் பார்க்கவேயில்லை. அந்த முகத்தைத்தான் பார்த்தாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். உதடு வற்றிப் பல் வெளியே தெரிகிற முகம். கண் இருந்த இடத்தில் குழி. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், சனம் காசு கொடுத்துப் போய்ப் பார்க்கிறது என்று நான் புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன்.

"பொம்புளயளும் வந்து பாப்பாங்களா?" என்று கேட்டாள்.

"ஓம் உம்மா. எல்லாரும்."

அட்டையை மடியில் வைத்தாள். பிறகு, "பாவம் மனிசன்" என்றாள். பிர்அவ்னைப் பாவி என்பார்கள், பாவம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. "இவனுக்கும் ஒரு உம்மா இரிந்திரிப்பாளே. மண்ணுக்குள்ளயும் உடாம, தண்ணிக்குள்ளயும் உடாம... இப்பிடியா வெச்சிரிக்கிற?" என்று சொல்லிவிட்டுத் தன் முக்காட்டுத் துணியின் ஓரத்தை இழுத்து அந்தப் படத்தின் முகத்தை மூடினாள். மையத்தை மூடுகிற மாதிரியே மூடினாள்.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மாமாவைக் கூப்பிட்டு, "ஜனாஸா தொழுவிக்கச் சொல்லுங்க காக்கா" என்றாள். கையில் இருந்த காப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய் இருந்தாள். அதற்குப் பிறகு அவள் கடற்கரைக்குப் போகவேயில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடத் தொடங்கினாள்.

எல்லாரும் நல்லது என்றார்கள். எனக்கு மட்டும் ஆத்திரம் அடங்கவில்லை. வாப்பாவை உம்மாவும் விட்டுவிட்டாளே என்று பட்டது. கண்காட்சிக்கு நான் போகவில்லை. டீச்சர் வீட்டுக்கு வந்து தலையைத் தடவிவிட்டுப் போனார். அந்த அட்டையை உம்மா துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்திருந்தாள். அவள் தூங்குகிற பகல் வேளைகளில் நான் அதை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். கண்ணாடிப் பெட்டியானாலும் பரவாயில்லை, காசு கொடுத்து வரிசையில் நிற்கவும் தயார், எனக்கு வாப்பா வேண்டும் என்று இருந்தது.

இப்போது நானும் பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டேன். உம்மா செய்ததுதான் சரி என்று அறிவுக்குத் தெரிகிறது. ஆனால் யாரென்றே தெரியாத அந்த ராசாவின் முகம் மூக்கு நுனி வரைக்கும் எனக்கு மனப்பாடம். அந்தப் படத்தை எனக்காகக் கேட்டு வைத்த என் வாப்பாவின் முகம்தான் வருடத்துக்கு வருடம் என்னை விட்டு அழிந்துகொண்டு போகிறது.