பாசில் பிடித்த கேட்சுகள்

நீலப் பேனா வேகப்பந்துக்கு, பச்சை சுழல்பந்துக்கு, சிவப்பு விக்கெட்டுக்கு. மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்துவிட்டு, தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து, நெத்திலியை மட்டும் பொறுக்கி மென்றபடியே அமுதவள்ளி ஓவரை எழுதுவார். அந்த நேரத்தில் யாராவது வாயைத் திறந்தால் தொலைந்தார்கள். "பேசாத லா, பால் போடுறான்ல" என்பார். லீக்கின் தலைவரே வந்து நின்றாலும் இதே மரியாதைதான்.

பெட்டாலிங் ஜெயாவில் காப்புறுதி அலுவலகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். இப்போது ஆறு அணிகள் ஆடும் டி20 லீக்கில் ஸ்கோரர். பக்கத்து நாற்காலியில் இன்னொரு ஸ்கோரரான ரமணி மடிக்கணினியைத் தட்டிக்கொண்டிருப்பார். ஆனால் தனிநபர் விருதுப் பட்டியல் மட்டும் அமுதவள்ளியின் நோட்டிலிருந்துதான் போகும். "ஆடுறது பதினோரு பேரு, கப்பு மட்டும் ஒருத்தனுக்கா?" என்று சலித்துக்கொள்வார். அதே வாய்க்குப் பட்டியல் கொடுக்கிற நாளில் சோறு இறங்காது.

இந்தப் பருவத்தின் சிறந்த ஃபீல்டர் பாசில் என்று ஊருக்கே தெரியும். ஒன்பது கேட்ச். அடுத்து நின்ற சுகுமாறனுக்கு எட்டு. பாசில் மேருவிலிருந்து வருகிறவன். வழியில் சுங்கை வேயில் வீட்டு வாசலில் காரை நிறுத்தி அமுதவள்ளியை ஏற்றிக்கொள்ளாமல் ஒரு நாளும் மைதானத்துக்கு வந்ததில்லை. விருது கிடைத்தால் அடுத்த பருவத்துக்கும் ஒப்பந்தம் என்று அணி முதலாளி சொல்லியிருந்தார். கிடைக்காவிட்டால் பழையபடி கையுறைத் தொழிற்சாலைதான்.

இறுதி ஆட்டம் முடிந்து, பரிசளிப்புக்கு அரைமணி நேரம் இருந்தது. வழக்கம்போல நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டிய அமுதவள்ளிக்குப் பழைய ஆட்டமொன்றின் பக்கத்தில் கை நின்றுவிட்டது. ஓரத்தில் அவரே எழுதியிருந்தார்: பத்தாவது ஓவர், காலில் பிடிப்பு, பாசில் வெளியே. அதற்குப் பிறகு அதே ஆட்டத்தில் பாசில் பேரில் இரண்டு கேட்ச். மாற்றாக இறங்கியவர், தனக்கு அணியின் சட்டை இல்லாததால் பாசிலின் சட்டையை மாட்டியிருந்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தச் சட்டையின் முதுகு எண்ணைப் பார்த்து அமுதவள்ளி எழுதிவிட்டார். மாற்று ஆள் பிடித்தது விருதுக்கு யார் கணக்கிலும் சேராது. ஆக, பாசிலுக்கு ஏழுதான்.

"விடுங்கக்கா. யாருக்குத் தெரியப் போவுது? கப்புல பேரே அடிச்சாச்சு" என்றார் ரமணி.

"எனக்குத் தெரிஞ்சு போச்சே."

ஒன்பதை அடித்து ஏழு என்று எழுதி, அமுதவள்ளி கையெழுத்தும் போட்டார். திருத்தம் செல்லுபடியாக வேண்டுமானால் இரண்டு ஸ்கோரர்களும் கையெழுத்திட வேண்டும். ரமணி கையைக் கட்டிக்கொண்டார். "அவன் பொழப்புல நான் மண்ணப் போட மாட்டேன்."

திருத்தியதை மறந்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம்தான். அமுதவள்ளி எழுந்து மேடைப் பக்கம் போனார். பாசில் புதுச்சட்டையில் நின்றிருந்தான். அவன் மனைவி நசீமா படமெடுக்கக் கைப்பேசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பாசில், ஆன்டி தப்புப் பண்ணிட்டேன். கால் பிடிச்சி நீ வெளிய போன அன்னிக்கி, உன் சட்டைய போட்டவன் பிடிச்ச ரெண்டு கேட்ச உன் பேர்ல எழுதிட்டேன். கப்பு சுகுமாறனுக்குத்தான் போவணும்."

நசீமா கைப்பேசியைப் பைக்குள் வைத்தாள். பாசில் புதுச்சட்டையின் மேல் பித்தானைக் கழற்றிவிட்டான்.

"தெரியும் ஆன்டி. நானும் ஏழுன்னுதான் எண்ணி வெச்சிருந்தேன். நீங்க ஒம்போதுன்னதும் வாய மூடிக்கிட்டேன்."

அமுதவள்ளிக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டையும் சொல்ல நேரமில்லை. பாசில் அவருக்கு முன்னால் ஸ்கோரர் கூடாரத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தான். ரமணி கட்டிய கையை இன்னும் அவிழ்க்கவில்லை. பாசில் நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தான். மேசையில் கிடந்த பேனாவின் மூடியைக் கழற்றி, கையெழுத்துப் போட ரமணியிடம் நீட்டினான்; அவர் வாங்கும்வரை கையை மடக்கவேயில்லை.