தாமோதரன் சார் சொன்ன ஏழு சட்டைகள்

தாமோதரன் சார் இறந்துபோன செய்திக்கு நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டேன். முதலில் அதற்கு உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நம் வாசகர் வாட்ஸப் குழுவில் அவர் எண்ணிலிருந்து காலையில் ஒரு படம் வந்தால், அது புதிதாக வந்த நாவலின் அட்டை என்று உங்களுக்கே தெரியும். ஹடப்சரில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். படம் வந்தது. வழக்கம்போல் சரியாகப் பார்க்காமலே விரலைத் தட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் ஞானராஜ் போனில் கத்தினார்.

"யோவ் சண்முகம், என்னவே பண்ணி வச்சிருக்கீரு? மனுசன் செத்துப் போயிட்டாருன்னு அவரு மகன் போட்டிருக்கான், நீரு சபாஷ்ங்கீரு!"

சாரின் மகன் அருண், அப்பாவின் போனிலிருந்தே அவர் படத்தைப் போட்டு, கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதியிருந்தான். அழ வேண்டிய நேரத்தில் நான், போட்ட விரலை எப்படி எடுப்பது என்று பக்கத்து சீட்டு பாட்டீலிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கும் தெரியவில்லை.

இப்படிப்பட்டவனைத்தான் நீங்கள் அஞ்சலிக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். நான் பத்தாவது, அதுவும் இரண்டாவது முயற்சியில். பிறகு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர். நட்டும் போல்ட்டும் தெரியும். நாவல் தெரியாது. நாவல் பக்கம் நான் வந்ததே சாப்பாட்டு வரிசை என்று நினைத்துத்தான். இங்கே தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் ஒரு நீளமான வரிசை நின்றது. நானும் நின்றேன். முன்னால் போய்ப் பார்த்தால் புத்தக மேஜை. அதன் பின்னால் ரிடையர்டு பேங்க் ஆபீசர் தாமோதரன், அரைக்கைச் சட்டையும் அகலமான சிரிப்புமாக.

"சாப்பாடு அந்தப் பக்கமுங்க தம்பி. வந்தது வந்துட்டீங்க, வெறுங்கையோட போக வேண்டாம்" என்று ஒரு நாவலைக் கையில் திணித்தார். அடுத்த ஞாயிறு ஔந்தில் அவர் வீட்டுக்கு வரச் சொன்னார். "படிக்காம வந்தாலும் வாங்க. காப்பி உண்டு."

அவருக்குப் புதிதாக வந்த நாவல்தான் வேண்டும். பழையதைப் பற்றி யாராவது ஆரம்பித்தால், "அதையெல்லாம் ஆயிரம் பேர் பாத்தாச்சுங்க. புதுசு பொறந்த கொழந்தை மாதிரி. மொத மாசத்துலயே போய்ப் பாத்துட்டு வரோணும்" என்பார். சென்னையிலிருந்து பார்சல் வந்த வாரம் அவர் குரலே மாறிவிடும். ஐம்பது பக்கம் படித்துவிட்டு எனக்குப் போன் செய்து, "தம்பி, என்னமா எழுதியிருக்கான்!" என்பார். யார் எழுதினார், என்ன எழுதினார் என்று கேட்டால், "அதை ஞாயித்துக்கெழமை சொல்றேன்" என்று வைத்துவிடுவார். கல்யாணம் நிச்சயமான வீட்டுக்காரர் மாதிரி ஒரு பரபரப்பு.

ஞாயிற்றுக்கிழமைக்கு அவர் வைத்த விதியும் உங்களுக்குத் தெரியும். புது நாவலைப் பற்றிப் பேசுகிறவர், பேசும் முன் தன் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நடந்த கதையாக இருக்க வேண்டும். "வீட்டைத் தொறக்காம புஸ்தகத்தைத் தொறந்தா ருசிக்காதுங்க" என்பார். விமலா டீச்சர் தன் மாமியார் பேச மறுத்த கதையைச் சொன்னது, ஞானராஜ் விமானப்படையில் சேரப் பொய் வயது சொன்னது எல்லாம் அந்த ஹாலில்தான். நான் நாவலைப் பாதிதான் படித்திருப்பேன். ஆனால் வீட்டுக் கதையில் என்னை யாரும் ஜெயித்ததில்லை. என் வண்டவாளம் அத்தனையும் அங்கே இறக்கி வைத்தேன். கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் டிப்ளமா என்று போட்டதுகூட. என் மனைவிக்கு அது தெரிந்ததே விமலா டீச்சர் வழியாகத்தான்.

ஒரு ஞாயிறு நான் சொன்னதைச் சொல்லியாக வேண்டும். என் மகள் நித்யா, கூட வேலை பார்த்த நிலேஷைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட வாரம், நான் ரேஷன் ஆபீசில் வரிசையில் நின்றேன். அவள் பெயரை கார்டிலிருந்து எடுக்க. யாரும் எடுக்கச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். குமாஸ்தா தலை நிமிராமல் மராத்தியில் கேட்டார்: "பேர் எதுக்கு எடுக்கணும்? கல்யாணமா, இறப்பா?" அவருக்கு எழுத ஒரு காரணம் வேண்டும், அவ்வளவுதான். கல்யாணம் என்று சொல்ல எனக்கு அரை நிமிஷம் பிடித்தது. அந்த அரை நிமிஷத்தை நான் வேறு எங்கும் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூட. ஒரு வருஷம் போன பிறகு அந்த ஹாலில் சொன்னேன். சிரிக்க வைக்கும் கதை மாதிரி ஆரம்பித்து, நடுவில் குரல் போய்விட்டது. சார் எழுந்தார். காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த ஞாயிறு அவர் முறை. அந்த மாதம் நாவல் எதுவும் சரியாக அமையவில்லை, வீட்டுக் கதை மட்டும் சொல்கிறேன் என்றார். அப்படி அவர் சொன்னது அந்த ஒரு முறைதான். அதைப் பிறகுதான் யோசித்துப் பார்த்தேன்.

"எங்கக்கா தானா ஒருத்தரைக் கட்டிக்கிட்டாங்க. எங்கய்யன் பெத்த மககிட்ட ஏழு வருசம் மூஞ்சி குடுத்துப் பேசலீங்க. வருசா வருசம் தீவாளிக்கு அக்கா கையால தெச்ச சட்டை பார்சல்ல வரும். பிரிக்க மாட்டாரு. பரண்ல தூக்கிப் போட்டுருவாரு. அவரு போன அன்னைக்கு எறக்கிப் பாத்தோம். ஏழு சட்டை. ஒண்ணை எடுத்துப் போட்டு வுட்டா, தொள தொளன்னு நிக்குது. சீக்குல மனுசன் பாதியா எளைச்சுட்டாரு. அக்காவுக்கு எப்படித் தெரியும்? வீட்டை விட்டுப் போன அன்னைக்கு இருந்த அளவுலயே ஏழு வருசமும் தெச்சிருக்காங்க."

சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீங்களும் பார்த்தீர்கள்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. ஸ்கூட்டரை லோஹேகாவுக்கு விட்டேன். நித்யா கதவைத் திறந்தாள். பதினான்கு மாதம் கழித்து மகளைப் பார்க்கிறேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. வாசலில் நின்றபடி ஏழு சட்டைக் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்துவிட்டேன். நாலாவது சட்டையில் அழுகை வந்துவிட்டது.

"அப்பா, ஹெல்மெட்டைக் கழட்டு. உள்ள வந்து அழு. பக்கத்து வீட்டு ஆன்ட்டி பாக்கறாங்க" என்றாள்.

மூன்று வருஷமாக என் மகளும் நானும் பேசுவது அந்தக் கதையால்தான். அப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

சாரின் பதினாறாம் நாளுக்கு நித்யாவும் என்னோடு வந்தாள். பொள்ளாச்சியிலிருந்து சாரின் அக்கா வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும், "அப்பா, அந்தச் சட்டை அத்தைதானே? எனக்கு அவங்களைப் பாக்கணும்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ருக்மணி அம்மாவுக்கு எண்பது நெருங்கும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நித்யா அவர் காலடியில் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த தமிழில், "அத்தை, நீங்க உங்க அப்பாவுக்கு அனுப்பின ஷர்ட் கதை எனக்குத் தெரியும்" என்றாள்.

"சட்டையா? எந்தச் சட்டை கண்ணு?"

நான் எடுத்துக் கொடுத்தேன். "உங்க கல்யாணத்துக்கப்புறம், ஏழு வருஷம், தீபாவளிக்கு..."

"எனக்கு ஊசியில நூல் கோக்கவே வராதுங்க" என்று சிரித்தார். "எங்கய்யன் தோட்டத்துல மேல்துண்டோட இருந்த மனுசன். எங்கல்யாணத்துக்கு ஒரு நாள் சட்டை போடச் சொன்னதுக்கே வூட்டுல சண்டை. மாப்பளையைத் தேடிப் புடிச்சுக் கட்டி வெச்சதே அவருதானுங்க. பேசாம இருந்தாராமா? வாரத்துக்கு ரெண்டு தரம் சைக்கிள்ல வந்து நிப்பாரு, காய்கறியோட." பிறகு கொஞ்சம் நிதானித்து, "தாமு சொன்னானுங்களா? அவன் சின்னதுல இருந்தே நல்லா அளப்பான்" என்றார்.

நித்யா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

அன்றைக்கு அருண், "அங்கிள், எனக்கு தேவநாகரிதான் ஓடும். தமிழ் எழுத்து வராது. ஆளுக்குக் கொஞ்சம் புக்ஸ் எடுத்துக்குங்க" என்று அலமாரியைத் திறந்து விட்டான். என் பங்குக்கு நான் கை விட்டு எடுத்த நாலில் ஒன்று, சார் சட்டைக் கதையைச் சொன்ன அந்த வருஷம் வந்த நாவல். சார் பக்க ஓரத்தில் பென்சிலால், அந்த இடம் யாருக்குப் பிடிக்குமோ அவர் பெயரை எழுதுவார், இல்லையா? ‘விமலா டீச்சருக்கு’, ‘ஞானராஜ் பார்க்க’ என்று. நித்யாவும் கூட நிற்க, அங்கேயே பெயர் தேடிப் புரட்டினேன். பாதிக்குச் சற்று முன்னால் ‘சண்முகத்துக்கு’ என்று இருந்தது. அந்தப் பக்கத்தில் மகள், அப்பா, பரண், ஏழு சட்டைகள். நாவலில் அந்த அப்பாவின் பெயர் வேறு, ஊர் வேறு. தொளதொளவென்று நின்றது மட்டும் வார்த்தை மாறாமல் அப்படியே.

உங்களிடம் போனில் சொன்னபோது ஆளுக்கொரு மாதிரி எடுத்துக்கொண்டீர்கள். "ஏம்வே, அப்ப அவரு மாமா எருமை மேல ஏறி ஓட்டுப் போடப் போனதும் புருடாவா? அதை நான் பத்து பேருகிட்டச் சொல்லிட்டேனே" என்று ஞானராஜ் வருத்தப்பட்டார். விமலா டீச்சர், "நல்லதுக்குத்தானே சண்முகம் சொன்னார், பொண்ணு கிடைச்சாளே" என்றார். டீச்சர், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் அதை யோசிக்காமல் இல்லை.

நல்லதுக்கு என்றால் புத்தகத்தையே கொடுத்திருக்கலாமே? ‘சண்முகத்துக்கு’ என்று எழுதியும் வைத்தாரே? கொடுத்திருந்தால் நான் போயிருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். போயிருக்க மாட்டேன். படித்து, மூக்கை உறிஞ்சி, கதைதானே என்று மூடி வைத்திருப்பேன். இது அவருக்குத் தெரிந்திருக்கிறது. என்னை அவ்வளவு சரியாக எடை போட்டிருக்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பத்து வருஷமாக, நாவலும் நிஜம்தான் தம்பி, நாவல் மனுசனை மாத்தும் தம்பி என்று சொன்னவர், தேவைப்பட்ட நாளில் அட்டையைக் கிழித்துவிட்டுத் தன் அப்பா பெயரை ஒட்டிக் கொடுத்திருக்கிறார். என்னையும் நம்பவில்லை, தான் கொண்டாடிய நாவலையும் நம்பவில்லை. நான் என் அரை நிமிஷத்தைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். அவர் பதிலுக்கு வைத்தது அவருடையது இல்லை. கண்ணைத் துடைத்தாரே, அந்தக் கண்ணீர் யாருடையது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மூன்று வருஷம் இருந்தார். நூறு ஞாயிறுக்கு மேல் பார்த்திருப்போம். ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம். நானும் நாலு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுக் காப்பி குடித்திருப்பேன். அவருக்குச் சைக்கிளில் காய்கறியோடு மகள் வீட்டுக்குப் போன அப்பா இருந்தாரே, அந்த அப்பாவை ஏன் எங்களிடம் சொல்லவில்லை? அது போதாதா?

பதினாறாம் நாள் திரும்பி வரும்போது நித்யா ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்திருந்தாள். லோஹேகாவில் இறங்கி, "அப்போ நீ அன்னிக்கு ஒரு புக்குக்காக வந்தே, ஹை நா, அப்படித்தானே?" என்றாள். கேலியா, நிஜமா என்று புரியாத குரல்.

"தெரியலம்மா."

"அந்த அத்தைக்காகன்னு நெனச்சுட்டிருந்தேன். அது அவங்க கதையே இல்ல. எனக்காகவும் இல்லேன்னா?"

இதற்குப் பதில் உங்களில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். ஹெல்மெட்டுக்குள் ஏதோ முனகிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் அவளே போன் செய்தாள்.

"அந்த நாவலை எனக்குப் படிச்சுக் காட்டு. என்னால வேகமா படிக்க முடியாது, தெரியுமில்ல. முதல்லேருந்து. நீ யாருக்காக வந்தேன்னு நானே பாத்துக்கறேன்."

ஆகவே நான் இப்போது ஒரு நாவலை முதல் பக்கத்திலிருந்து ஒழுங்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன், வாய்விட்டு. வாரத்துக்குப் பத்துப் பக்கம். நித்யா நடுநடுவே அர்த்தம் கேட்கிறாள், எனக்கே சில வார்த்தை தெரிவதில்லை, இருவரும் கோபித்துக்கொள்கிறோம். சட்டைகள் வரும் இடத்துக்கு இன்னும் வரவில்லை. நல்ல நாவல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நல்ல நாவல்.

தாமோதரன் சாரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது என்ன என்று எழுதி முடிக்க வேண்டுமாம். புத்தகங்கள் அல்ல, அவை நான்கும் நித்யாவுக்கு. நான் வைத்துக்கொள்வது அவர் மேல் எனக்குள்ள கோபத்தை. பெரிய மனது பண்ணி மன்னித்துவிடச் சொல்கிறீர்கள். மாட்டேன். மன்னித்துவிட்டால் அவரைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றும் மிஞ்சாது. கோபம் இருக்கிற வரை, காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவரோடு வாய்ச்சண்டை போடலாம். தினமும் போடுகிறேன். இதுவரை அவர் ஒரு தரம்கூட ஜெயிக்கவில்லை; எதிரில் நின்று ஜெயிக்க அவர் வரமாட்டேன் என்கிறார்.